லிஃப்ட் கணக்கு: 708 ஆ, 468 ஆ?

லிஃப்டின் தரை அதில் நிற்பவரை மேல்நோக்கித் தள்ளும் விசை எவ்வளவு என்ற கணக்கில் உங்களுக்கு 708 வந்தது, விடையோ 468 என்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். 468 நியூட்டன்தான் சரி. 60 கிலோ ஆள், மேலே போகும் லிஃப்ட் நிற்கப்போகிறது, வேகம் நொடிக்கு நொடி 2 மீ/வி குறைகிறது. இதில் உங்களுக்கு 708 வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு குறி.

"மேலே போகிறது" என்று படித்ததும் முடுக்கத்தையும் மேல்நோக்கிப் போட்டிருப்பீர்கள். பலரும் வழுக்கும் இடம் இதுதான். லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பது நியூட்டனின் இரண்டாம் விதிக்கு (விசை = நிறை × முடுக்கம்) தேவையே இல்லை. திசைவேகம் எப்படி மாறுகிறது என்பதுதான் வேண்டும். மேலே போய்க்கொண்டே வேகம் குறைந்தால் முடுக்கம் கீழ்நோக்கி. ஆகவே புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இலிருந்து 2-ஐக் கழிக்க வேண்டும்: 60 × (9.8 − 2) = 468.

நம்பிக்கை வரவில்லையா, முள் வைத்த எடை மெஷினை லிஃப்டில் வைத்து ஏறி நில்லுங்கள். முள் காட்டுவது உங்களை மேலே தள்ளும் இந்த விசையைத்தான். மேலே புறப்படும்போது முள் கூடும், நிற்கப்போகும்போது இறங்கும். நடுவழியைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும்: லிஃப்ட் விரைந்து போய்க்கொண்டிருக்கும், முள்ளோ உங்கள் வழக்கமான எடையிலேயே நிற்கும். டிஜிட்டல் மெஷின் வேண்டாம். பல மெஷின்கள் முதலில் வந்த எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

"மேலே என்றால் கழித்தல்" என்று மட்டும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். இதே லிஃப்ட் கீழே இறங்கி நிற்கப்போனால் முடுக்கம் மேல்நோக்கி. அப்போது உங்கள் 708 தான் விடை.