வாசகர் கேட்டவை

கேள்வி: அமெரிக்க இராணுவத்தில் நான்கு வருடம் பணியாற்றி விலகிய என் அக்காவின் மகன், அங்கே பொலிஸ் வேலைக்கு விண்ணப்பிக்கிறான். முன்னாள் படையினருக்கு வேலை நிச்சயம் என்கிறான். உண்மையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிச்சயம் என்பது சற்று மிகை. 1944ஆம் ஆண்டின் முன்னுரிமைச் சட்டம் மத்திய அரசுப் பதவிகளுக்கே உரியது. புள்ளியிடும் தேர்வுகளில், குறித்த காலப்பகுதிகளில் சேவையாற்றியோருக்கு 5 புள்ளிகளும், சேவையால் உடல் பாதிக்கப்பட்டோருக்கு 10 புள்ளிகளும் கூட்டப்படுமேயன்றி, சித்தியடையாதவரை அது கரையேற்றாது. நகரப் பொலிஸாருக்கோ அந்தந்த மாநில விதிகளே பொருந்தும். மசாசூசெட்ஸில் தேர்வில் சித்தியடைந்த முன்னாள் படையினரைப் பட்டியலில் மேலே வைக்கும் முறை உண்டு. பின்னணி விசாரணை, உடற்தகுதிச் சோதனை, பயிற்சிக் கல்லூரி ஆகியவற்றிலிருந்து பொதுவாக விலக்கில்லை (துப்பாக்கி பிடித்த பழக்கம் மட்டும் பொலிஸ்காரரை உருவாக்கிவிடாது என்பது என் கருத்து).

உங்கள் பெறாமகன் இப்போதே கவனிக்க வேண்டியது ‘டிடி 214’ எனும் விலகற் பத்திரத்தைத்தான். சேவையின் தன்மை, அதாவது நற்பெயருடன் விலகினாரா என்பது, அதன் 24ஆம் கட்டத்தில் பதியப்படும். சுருக்கப் பிரதியில் அக்கட்டமே இராது என்பதால், முழுப் பிரதியையே இணைக்கச் சொல்லுங்கள்.