வலைப்பதிவா, விக்கியா? மரச்சீனியில் போய் முட்டிய கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஊர் விவரங்களைச் சேகரிக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் பதினைந்து வருடமாக வலைப்பதிவு எழுதுகிறேன். வட்டாரச் சொற்களுக்காகச் சின்னதாக ஒரு விக்கியும், அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளமும், நடத்துகிறேன்.

குளச்சல்: 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்ததைப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிவைத்திருக்கிறேன். விக்கிப்பீடியாவில் போடலாமா சார்?

போடாதீர்கள் தம்பி. யாராவது நீக்கிவிடுவார்கள், அங்கே அதுதான் முறை. வேறெங்காவது வெளியாகி, மற்றவர் சரிபார்க்க முடிகிற செய்திக்குத்தான் அங்கே இடம். "பூசை முடிஞ்சு வந்து அடுப்பு பத்த வச்சேன், அப்பதான் சத்தம்" என்று பாட்டி சொன்னால், அது அவர் வாயிலிருந்து வந்தது என்பதுதான் அதன் மதிப்பு. விக்கியில் நாலு பேர் கைவைத்தால் அது "காலையில் அலை தாக்கியது" என்று ஆகிவிடும். அடுப்பு போய்விடும்.

வலைப்பதிவில் தேதி இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கீழே வந்து, "நான் அப்போ மாடியில நின்னேன்" என்று சேர்ப்பார். எத்தனை வீடு இடிந்தது, நிவாரணத்துக்கு எந்த அரசாணை என்பதெல்லாம் விக்கிக்கு. புதுக் கணக்கு வரவரத் திருத்திக்கொண்டே போகலாம்.

ஒன்று மட்டும்: பிரதி எடுத்துவையுங்கள். என் முதல் வலைப்பதிவு இருந்த இலவசத் தளத்தை ஒருநாள் மூடிவிட்டார்கள். நாலு வருட எழுத்தில் இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து மீண்டது 37 பதிவு.

தோவாளை: தினமும் பூ விலை போட எது வசதி?

வலைப்பதிவு. புதியது மேலே நிற்கும். நேற்றைய பிச்சி விலையை யாரும் திருத்தப்போவதில்லை.

தக்கலை: கண்டவரும் திருத்தினால் விக்கி நாசமாகாதா?

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைத் தொடங்கினார். ஹவாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'விரைவு' என்று பொருள்; ஹொனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து எடுத்தார். இன்று விக்கிகளில் 'வரலாறு' என்று ஒன்று இருக்கும். யார், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார் என்பது வரை தெரியும். கெடுத்ததை உடனே பழையபடி ஆக்கலாம். வலைப்பதிவில் நான் ஒரு வரியைச் சத்தமில்லாமல் மாற்றினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பயப்படுவதென்றால் அதற்குப் பயப்படுங்கள் டீச்சர்.

நாகர்கோவில்: இரண்டில் எது நல்லது?

மேலே வாசியுங்கள்.

மார்த்தாண்டம்: உங்கள் விக்கியில் நான் தொடங்கிய 'மரச்சீனி' பக்கத்தை யாரோ 'மரவள்ளி' ஆக்கிவிட்டார். என்ன நியாயம் அண்ணே?

வரலாற்றைப் பார்த்தேன். ராத்திரி 11.40க்கு அவர் மாற்ற, 11.52க்கு நீங்கள் திருப்ப, விடியும்வரை ஏழு தடவை! தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும், மற்றப் பெயர்களுக்கு வழிமாற்று, அதைத் தேடினாலும் இதே பக்கத்துக்கு வந்துசேரும். இது வட்டாரச் சொல் விக்கி, ஆகவே மரச்சீனி.

பூதப்பாண்டி: மரச்சீனி மலையாளம் அல்லவா?

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். எல்லைக் கல் நட்டது நிலத்துக்கு, சொல்லுக்கு இல்லை. கிழங்கே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

குழித்துறை: அந்தக் கிழங்கைக் கொண்டுவந்தவர் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள். எங்கள் வீட்டில் கப்பை என்போம்.

பரப்பியவர் என்று எழுதுங்கள். ஆண்டது 1880 முதல் 1885 வரை. சான்று சேர்த்தால்தான் பக்கத்தில் நிற்கும். கப்பைக்கும் வழிமாற்று போட்டாயிற்று. மிச்சச் சண்டையை, விவாதிக்கவென்றே விக்கியில் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரணியல்: போன் சூடாகிறது, என்ன செய்ய?

கடையில் காட்டுங்கள்.

கருங்கல்: வலைப்பதிவு, விக்கி, இரண்டில் எது நல்லது?

குளச்சல் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள். அப்புறம், பிரதி எடுத்துவையுங்கள்.

மார்த்தாண்டம்: அண்ணே, இப்போ யாரோ 'கிழங்கு' என்று மாற்றிவிட்டார்!

பார்த்தேன். பக்கத்தை ஒரு வாரத்துக்குப் பூட்டிவிட்டேன். பூட்டும்போது எந்தப் பெயர் இருந்ததோ அதுதான் அதுவரை இருக்கும். 'கிழங்கு' இருந்தது.