தளம் படுத்தால் யார் சொல்வது?

கேள்வி: எங்கள் இணையதளம் இரவில் முடங்கினால், காலையில் வாசகர்கள் சொல்லித்தான் தெரிகிறது. உடனே எச்சரிக்கை வர எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கண்காணிக்கும் மென்பொருள், தளம் இருக்கும் அதே சர்வரில் இருக்கவே கூடாது. சர்வர் படுத்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். அப்புறம் யார் தகவல் அனுப்புவது? வேறொரு சர்வரில் 'அப்டைம் கூமா' (Uptime Kuma) என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவுங்கள். இலவசம்தான். உங்கள் தள முகவரியைக் கொடுத்து, 60 விநாடிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி, எச்சரிக்கை போனுக்கு வர டெலிகிராமை இணைத்துவிடுங்கள்.

'எல்லாம் சரி' என்று சர்வர் அனுப்பும் 200 என்ற பதில் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். என் தளத்தில் ஒருமுறை டேட்டாபேஸ் நின்றுபோய், வெள்ளைப் பக்கத்தில் ஒற்றை வரிப் பிழைச் செய்தி மட்டும் இருந்தது. எண் என்னவோ 200. ராத்திரி முழுக்கக் கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது! அன்றிலிருந்து, பக்கத்தின் அடியில் வழக்கமாக வரும் ஒரு சொல்லையும் தேடச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் காணவில்லையென்றால் தளமே இல்லை என்றுதான் கணக்கு.

ஒரு தடவை தவறியதற்கெல்லாம் போன் அலற வேண்டாம். அமைப்பில் மறுமுயற்சியை (Retries) 2 என்று வையுங்கள். எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் https பாதுகாப்புச் சான்று) காலாவதி அறிவிப்பையும் போட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்ததும், வாசகர் குறைவான நேரத்தில் நீங்களே தளத்தை 5 நிமிடம் நிறுத்தி, போனில் செய்தி வருகிறதா என்று பாருங்கள்.