ஐரோப்பிய நதிக் கப்பல் பயணத்தில் ஊர் பார்க்கும் ஒரு நாள் எப்படி இருக்கும்? வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்தில், எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவுடன் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை டான்யூப் நதியில் போய்வந்தேன். அந்தப் பயணத்தில் இன்றும் கண்ணில் நிற்பது ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கில் கழிந்த நாள். அதை மட்டும் சொல்கிறேன்.

காலையில் திரையை விலக்கினால் ஆற்றைக் காணவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இன்னொரு கப்பலின் ஜன்னல். துறையில் இடம் போதாதபோது கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அணைத்துக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். அடுத்த கப்பலின் வரவேற்புக் கூடத்துக்குள் நுழைந்து வெளியேறித்தான் கரை ஏறினோம். பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை, விமான நிலைய வரிசை இல்லை; அம்மாவின் முழங்காலுக்கு அதுவே பெரிய நிம்மதி.

முதலில் மெல்க் மடாலயம். 1089இல் பெனடிக்டின் என்னும் கத்தோலிக்கத் துறவிகளுக்குக் கிடைத்த குன்று அது. இப்போது நாம் பார்க்கும் மஞ்சள் மாளிகையை கட்டடக் கலைஞர் யாகோப் பிராண்டவர் 1702இல் கட்டத் தொடங்கினார். உள்ளே நான் வியந்து நின்ற இடம் நூலகம்தான். தரையிலிருந்து கூரைவரை ஒரே நிறத் தோல் அட்டை, பொன்னெழுத்து. அண்ணாந்தால் பால் ட்ரோகர் தீட்டிய கூரை ஓவியம். அம்மா செருப்பைக் கழற்றலாமா என்று மெல்லக் கேட்டார்.

ஆனால் அங்கே ஒரு தவறு நடந்தது. வழிகாட்டி வேகமாக நடந்தார். காதில் மாட்டிய கருவியில் அவருடைய குரல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் நின்றே போனது. படிக்கட்டில் நாங்கள் இருவர் மட்டும். மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு இருந்ததைப் பிறகுதான் அறிந்தோம். கப்பலில் எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. ஏறிய முதல் நாளே கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

நண்பகலில் கப்பல் நீரோட்டத்தோடு கிளம்பியது. மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையான சுமார் 35 கிலோமீட்டர்தான் வாஹாவ். 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே அணை எதுவும் ஆற்றைத் தேக்கவில்லை. தண்ணீர் தன் வேகத்திலேயே ஓடுகிறது. 'நீல டான்யூப்' என்ற புகழ்பெற்ற வால்ட்ஸ் இசையை நம்பி நீல நிறத்தை எதிர்பார்க்காதீர்கள், நான் பார்த்தது பச்சை கலந்த பழுப்பு. கரையோரத்துக் கிலோமீட்டர் பலகைகளைக் கவனியுங்கள்: எண் இரண்டாயிரத்துக்கு மேலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. டான்யூப்பைக் கடல் முகத்திலிருந்து மேல்நோக்கி அளந்திருக்கிறார்கள்.

வலப்பக்கம் செங்குத்துப் பாறைமேல் ஆக்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு. இடப்பக்கம் வில்லண்டார்ஃப். 11 சென்டிமீட்டர் உயரமுள்ள, பழங்கற்காலத்துப் பெண் சிலை 1908இல் கிடைத்த சிற்றூர் அது. சிலையை வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அடுத்து ஸ்பிட்ஸ். மலைச்சரிவு முழுக்கச் சாந்து பூசாமல் அடுக்கிய கல் சுவர்கள், அவற்றின் மேல் படிப்படியாகத் திராட்சைக் கொடிகள். அத்தனை கல்லையும் ஆள் கையால்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

ஸ்பிட்ஸில் ஒரு பரிசல்துறை போன்ற இடத்தைக் கடந்தோம். அங்கே கார்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகுக்கு இயந்திரம் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் கட்டிய இரும்புக் கயிற்றோடு அதைப் பிணைத்திருக்கிறார்கள். படகோட்டி சுக்கானைச் சாய்த்தால், ஓடும் நீரே பக்கவாட்டில் தள்ளி அக்கரை சேர்க்கிறது. சத்தமே இல்லை. காவிரிக் கரையில் வளர்ந்த அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

மாலையில் டூர்ன்ஸ்டைன். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட் 1192இல் பிடித்துச் சிறை வைத்தது மேலே இருக்கும் கோட்டையில்தான். நான் அரை மணி நேரம் ஏறினேன்; வழி கரடுமுரடு, பெரியவர்களுக்கு வேண்டாம். அம்மா கீழே ஒரு கடையில் இருந்தார். ஜூலை அங்கே ஆப்ரிகாட் பருவம். கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சர்க்கரைக் கட்டியை வைத்து, மாவால் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருகிறார்கள். நான் இறங்கி வந்தபோது அம்மா இரண்டாவதைப் பிட்டுக்கொண்டிருந்தார். "கொழுக்கட்டைதான்டா, பூரணத்துக்குப் பதில் பழம்" என்று எனக்குப் பாதி கொடுத்தார். சூடான புளிப்பும் உருகிய சர்க்கரையும் சேர்ந்த அந்தச் சுவைக்காகவே ஜூலையில் போகலாம்.

சைவச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்பதிவின்போதே சொல்லிவிட்டோம், ஒரு வேளையும் குறை இல்லை.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே கப்பல் பகலில் போகிறதா? சில பயணத் திட்டங்களில் இருட்டிலேயே கடந்துவிடுகிறார்கள். பகல் என்றால், கிழக்கே போகும் கப்பலில் மேல்தளத்தின் இடப்பக்கம் நாற்காலி பிடியுங்கள். ஸ்பிட்ஸும் டூர்ன்ஸ்டைனும் அந்தக் கரையில்தான் வரும்.