முறைக்கவில்லை, பார்க்கிறான்: ஓட்டிசமும் உற்றுப் பார்த்தலும் – கேள்வி பதில்

வெள்ளவத்தை, 14 வயது மகனின் தாய்: 100ஆம் இலக்க பஸ்ஸில் ஆட்களை இமை வெட்டாமல் பார்க்கிறான். "என்னடா முறைக்கிறாய்" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். ஓட்டிசம் உள்ளவர்கள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள் என்றுதானே சொல்வார்கள்?

இரண்டும் உண்டு. கதைக்கும்போது ஏறக்குறைய 3 செக்கன் பார்த்து, விலகி, திரும்பப் பார்ப்பது மற்றவர்களுக்குத் தானாக வரும். இவர்களில் பலருக்கு அந்தத் தாளம் வராது. போதாததற்கு, "கண்ணைப் பார்த்துக் கதை" என்று சின்னனிலிருந்தே பழக்கிவிடுகிறோம். எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை! முகத்திலும் உணர்ச்சி அதிகம் தெரியாவிட்டால், சும்மா பார்ப்பதும் கோபமாகப் படும்.

"பார்க்காதே" என்றால் கண் எங்கே போவது? போக இடம் கொடுங்கள். யன்னல் சீற், கடைப் பலகைகள், அடுத்த ஹோல்ட்டின் பெயர். வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது பழக்கலாம்: மனதுக்குள் மூன்று எண்ணும்வரை முகம், பிறகு கோப்பை, பிறகு முகம். ஐந்து நிமிடம் போதும். முகத்தைப் பார்ப்பதே அவனுக்கு வேதனை என்றால் இதை விட்டுவிடுங்கள். "எனக்கு ஓட்டிசம், முறைக்கவில்லை" என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். கொழும்பு பஸ்ஸில் சிங்கள வரி மேலே இருப்பது நல்லது.

கொட்டாஞ்சேனை, 7 வயது மகளின் தந்தை: திடீரென்று வெறித்துப் பார்க்கிறாள். கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இதுவும் அதுதானா?

இதை வேறாக எடுங்கள். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. தோளைத் தொட்டதும் திரும்பினால் பெரும்பாலும் எதிலோ மூழ்கியிருக்கிறாள். சொல்லின் நடுவில் நின்று, இமை துடித்து, 5 முதல் 15 செக்கனில் எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் வலிப்பாக இருக்கலாம். ஒரு நாளில் பல தடவை வரும், பிள்ளைக்கே தெரியாது. ஒன்றிரண்டு நிமிடம் நீண்டு, கை எதையோ தடவி, பிறகு குழம்பி அயர்ந்துபோனால் அது இன்னொரு வகை வலிப்பாக இருக்கலாம்.

ஃபோனில் வீடியோ எடுங்கள், நேரத்தையும் குறியுங்கள். பொரளை ரிட்ஜ்வே ஆஸ்பத்திரி டொக்டருக்கு உங்கள் விவரிப்பைவிட அந்த வீடியோ உதவும். ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை) ஒருமுறை சரியாக வந்ததை வைத்து மட்டும் வலிப்பு இல்லை என்று முடிவு கட்டமுடியாது. உடம்பு வெட்டி இழுத்து 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

தெஹிவளை, ஒரு அம்மம்மா: பேரன் ஃபேனை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருக்கிறான். கண்ணூறோ?

சுழல்வது அவனுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணூறு கழிப்பதென்றால் கழியுங்கள், கண் டொக்டரிடமும் ஒருக்கால் காட்டுங்கள். பார்வைக் குறையாலும் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள்.

கோட்டை, அலுவலகத்தில் வேலை செய்யும் பெண், 26: ஆட்களை அடையாளம் பிடிக்கத்தான் முகத்தை அப்படிப் பார்க்கிறேன். ஆண்கள் தப்பாக எடுக்கிறார்கள்.

முகம் நினைவில் நிற்காத சிக்கல் ஓட்டிசம் உள்ள பலருக்கு உண்டு. முகத்தை விட்டு, குரல், நடை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றைப் பிடியுங்கள். கூட்டங்களில் எதிரே இருக்காமல் பக்கவாட்டில் இருந்து, குறிப்புக் கொப்பியில் யார் எந்தக் கதிரை என்று முதலிலேயே கீறிவையுங்கள்.