ஃபியூஸ் கட்டையில் கை வைக்காதீர்கள், அம்மா

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை மாதம் 14,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். அட்வான்ஸ் ஒரு லட்சம். 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதியது. முடிந்து ஒரு வருடமாகியும் புதுப்பிக்கவில்லை. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால் "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்கிறார். கரண்டைத் துண்டித்தால் தானாகவே போய்விடுவார் என்கிறான் தம்பி. செய்யலாமா? அடுத்து வருபவரையாவது எப்படிப் பார்த்து வைப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: செய்யக் கூடாது அம்மா. மீட்டர் பெட்டி உங்களுடையதுதான். ஆனால் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்துவதைத் தடை செய்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் இதுதான் நிலை. ஃபியூஸைப் பிடுங்கிய அன்றே அவர் புகார்தாரர், நீங்கள் எதிர்மனுதாரர். தம்பி நல்லவர்தான், வக்கீல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். பாக்கி 70,000. அட்வான்ஸில் மிச்சம் 30,000, இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். அது கரைவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்தாலே வெளியேற்றக் கேட்கலாம். முதலில் வக்கீல் நோட்டீஸ். கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அவர் தப்பிக்கலாம். அட்வான்ஸைக் காட்டியும் வாதாடுவார். அதனால் அந்த ஒரு காரணத்தை மட்டும் நம்பாமல், எழுத்து ஒப்பந்தம் நடப்பில் இல்லை என்பதையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தச் சட்டத்தில் அதுவும் தனிக் காரணம். பதிவு செய்யாத ஒப்பந்தம் என்பதற்காகவே வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மனு போடுவது வாடகை நீதிமன்றத்தில்.

அடுத்தவர் விஷயம். ஆதார் நகல் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆதார் ஆளைக் காட்டும், வாடகை தருவாரா என்று காட்டாது. சம்பளச் சீட்டு கேளுங்கள். விசாரிப்பதானால் இப்போதைய வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். ஆள் கிளம்பினால் போதும் என்று இருப்பவர் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைப் பிடியுங்கள், அவருக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. 2012-இல் வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கியிருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு சென்னையில் பழக்கத்துக்கு வந்தது போல, குடிவருபவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைப்பதும் நல்லது.

11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய நினைப்பு. இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் பொது விதி. கூடுதலாக வாங்குவதானால் ஒப்பந்தத்தில் அதைச் சொல்லியே எழுதுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பது என்பதையும் சேர்த்துவிடுங்கள். பாதிச் சண்டை சுண்ணாம்பில்தான் தொடங்குகிறது.

அப்புறம் ஒன்று. நோட்டீஸ் போகும்வரை படியேறிப் போய் வாடகை கேட்காதீர்கள். மாதக் கணக்கோடு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று அங்கேயும் பதில் போட்டால், பாக்கி இருப்பதை அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. அதை அழிக்காமல் வைத்திருங்கள்.