எண்ணெய் வழியும் முகம்: கேட்டதும் சொன்னதும்

முகம் கழுவும் திரவங்களும் க்ரீம்களும் தயாரிக்கும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். எனக்கும் எண்ணெய் வழியும் முகம்தான். நான் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றால் அதைச் சொல்லிவிடுவேன். பலர் என்னிடம் கேட்டதும், நான் சொன்ன பதிலும் இங்கே.

அக்கா, காலையில் கழுவினால் பத்து மணிக்கே நெற்றி பளபளக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்பு போடுகிறேன். இன்னும் என்னதான் செய்ய?

தம்பி, முதலில் சோப்பை நிறுத்துங்கள். உங்கள் நெற்றியில் இருப்பது அழுக்கு இல்லை, சீபம், அதாவது தோல் தானே சுரக்கும் எண்ணெய். தோலுக்குள் இருக்கும் சுரப்பிகள் ஹார்மோன் சொல்படி அதைச் சுரக்கின்றன. மேலே எத்தனை முறை தேய்த்தாலும் சுரப்பி அடங்காது. நடுவில் அடிபடுவது தோலின் மேலடுக்குதான். தோலின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; எண் குறைந்தால் அமிலம்) சுமார் 5; சாதாரணக் கட்டிச் சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும். அதனால்தான் உங்களுக்குக் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரம் தோல் உரிகிறது, எண்ணெயும் நின்றபாடில்லை.

காலை, இரவு என்று இரண்டு தடவை போதும். வியர்த்துக் கொட்டினால் இன்னொரு தடவை. சோப்பு சேராத மென்மையான ஃபேஸ்வாஷ், ஒரு பட்டாணி அளவு. முதலில் கையைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்து, விரல் நுனியால் மட்டும் நெற்றி, மூக்கின் இரு ஓரம், தாடை என்று அரை நிமிடம் சுற்றித் தடவுங்கள். முடி தொடங்கும் இடத்திலும் தாடைக்கு அடியிலும் நுரை தங்கிவிடும், அதையும் அலசுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கழுவிய பின் கன்னத்தில் விரல் வைத்து இழுத்தால் கீச்சென்று பிடிக்கிறதா? பலரும் அதைத்தான் சுத்தம் என்று நினைக்கிறார்கள். அந்த ஃபேஸ்வாஷ் உங்களுக்குக் கடுமை என்று அர்த்தம்.

மத்தியானப் பளபளப்புக்கு டிஷ்யூ பேப்பரை அழுத்தி எடுங்கள், போதும்.

ஏற்கெனவே எண்ணெய் வழிகிறது, இதில் மாய்ஸ்சரைசர் வேறு எதற்கு?

எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய் வழியும் முகத்திலும் உள்ளே ஈரம் வற்றியிருக்கலாம். பரு மருந்து போடுகிறவர்களுக்கு மாய்ஸ்சரைசர் நிச்சயம் தேவை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின், ஹையலூரானிக் அமிலம் உள்ள மெல்லிய ஜெல் வகையை, முகத்தில் லேசாக ஈரம் இருக்கும்போதே போடுங்கள். காலையில் பிசுபிசுப்பாகத் தெரிந்தால், ஈரப்பதம் தரும் சன்ஸ்கிரீனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எலுமிச்சைச் சாறு தடவினால் எண்ணெய் குறையுமா?

தயவுசெய்து வேண்டாம். அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்பளித்து, மாதக்கணக்கில் போகாத கருந்தழும்பு வரலாம்.

மூக்கில் கரும்புள்ளிகள். அழுத்தினால் வெள்ளை நூல் மாதிரி வருகிறது. சில நாளில் மறுபடி அதே இடத்தில்! ஏன்?

அதில் பெரும்பகுதி கரும்புள்ளியே இல்லை. கண்ணாடிக்கு அருகில் போய்ப் பாருங்கள். ஒரே அளவில், சாம்பல் நிறத்தில், வரிசையாக இருந்தால் அவை சீபம் வெளியே வரும் வழியில் இயல்பாகவே இருக்கும் இழைகள். எல்லோருக்கும் உண்டு, எண்ணெய்ச் சருமத்தில் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். எடுத்தால் மறுபடி நிரம்பும். உண்மையான கரும்புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக, கறுப்பாக, கொஞ்சம் மேடாக இருக்கும். அதன் கறுப்புகூட அழுக்கு இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் காற்றுபட்டு கறுத்தது.

நகத்தால் அழுத்தாதீர்கள், தோல் துவாரத்தின் ஓரம் புண்ணாகும். 2 சதவீத சாலிசிலிக் அமிலத்தை வாரம் இரண்டு மூன்று இரவு போடுங்கள். எண்ணெயில் கரையும் என்பதால் அது துவாரத்துக்குள் போய் வேலை செய்யும். துவாரம் மறைந்துவிடாது, அடைப்பு குறையும். சொரசொரப்பான ஸ்க்ரப் வைத்திருந்தால் ஓரமாகத் தூக்கி வையுங்கள்.

சன்ஸ்கிரீன் போட்டதும் முகம் எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள், வகையை மாற்றுங்கள். ஜெல் அல்லது தண்ணீர் போன்ற பதம், எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல், துவாரத்தை அடைக்காதது என்ற குறிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். பிசுக்குக்குப் பயந்து துளியூண்டு போட்டால் பாதுகாப்பு கிடைக்காது. வெளியிலேயே இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

நியாசினமைடு, சாலிசிலிக், ரெட்டினால், வைட்டமின் சி, நாலும் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் போட?

இன்றைக்கு எதுவும் போட வேண்டாம்மா. ஒன்றை எடுங்கள், என்னைக் கேட்டால் நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை). 4, 5 சதவீதம் போதும். முன்கையின் உட்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். அடுத்ததற்கு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். நாலையும் சேர்த்துப் போட்டு முகம் எரிந்தால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயற்சி செய்தாலோ ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கூடாது.

நெற்றி முழுக்க ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு இருக்கிறது. பரு மருந்து கேட்கவில்லை.

அரிப்பு என்கிறீர்களே, அது பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தே வேறு.

என் மகளுக்கு 14 வயது. முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். கன்னத்தில் வலிக்கிற கட்டிகள்.

அம்மா, அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அவள் சுத்தமாகத்தான் இருக்கிறாள். இந்த வயதில் ஹார்மோன் ஏறும்போது சுரப்பி எண்ணெயைப் பெருக்கும், துவாரம் அடைபடும், உள்ளே வீங்கும். ஏற்கெனவே கண்ணாடியைப் பார்க்கத் தயங்கும் பிள்ளை, உங்கள் பேச்சைக் கேட்டால் இன்னும் தேய்ப்பாள், இன்னும் சிவக்கும்.

வலிக்கிற, ஆழமான கட்டி தழும்பு விடும். ஆகவே காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். தெரிந்தவர் கொடுத்தார் என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீம் எதையும் தடவாதீர்கள். மருத்துவர் பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தை எழுதினால், 2.5 சதவீதமே பலருக்குப் போதும், எரிச்சலும் குறைவு. எந்த மருந்தானாலும் வித்தியாசம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுத்துவிடும். அவளுக்கென்று வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் எடுத்து வையுங்கள்.